ஆதிரை இன்னும் எழுந்து நிற்கவில்லை

போன சனிக்கிழமை சாயங்காலம், விழுப்புரத்தில் ஒரு பூங்காவில், என் மனைவியின் கண் முன்னால் நான் கையும் களவுமாகப் பிடிபட்டேன்.

பிடித்தது போலீஸ் இல்லை. இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற ஒரு வாசகி. உங்களில் ஒருவர்.

நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எனக்குத் தைரியம் போய்விடும்.

என் மகள் ஆதிரையை உங்களுக்குத் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தாள். ஒன்பதாம் மாதம் தவழ்ந்து வந்து என் செருப்பைக் கடித்தாள். பதினோராம் மாதம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்... எல்லாம் நீங்கள் இங்கேதான் படித்தீர்கள். எத்தனை பேர் கடிதம் போட்டீர்கள்! திருஷ்டி சுற்றிப் போடுங்கள் என்று எத்தனை பேர் மெயில் அனுப்பினீர்கள்!

அதில் ஒன்றுகூட நடக்கவில்லை.

ஆதிரைக்கு இப்போது பதினைந்து மாதம். அவளுக்குப் புரண்டு படுக்க வராது. இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தால் கொஞ்ச நேரம் உட்காருவாள். பிறகு ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்துவிடுவாள். வலது கை எப்போதும் மூடியே இருக்கும்.

பிறந்தவுடன் அவள் அழவில்லை. அழுவதற்குள் சில நிமிடங்கள் போய்விட்டன. அந்த நிமிடங்களில் மூளைக்குப் போக வேண்டியது போகவில்லை என்று டாக்டர் பிறகு விளக்கினார். யார் மேலும் தப்பில்லை, சில பிரசவங்கள் இப்படி ஆகிவிடுவதுண்டு என்றும் சொன்னார்.

“நடப்பாளா டாக்டர்?” என்று ரேவதி கேட்டாள். ரேவதி என் மனைவி.

“இப்ப சொல்ல முடியாதும்மா. பயிற்சி குடுத்துக்கினே இருங்க. பார்க்கலாம்” என்றார்.

அந்த ஒரு ‘பார்க்கலாம்’-ஐக் கையில் பிடித்துக்கொண்டு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தோம். அன்றிலிருந்து ரேவதி ஒரு நாளைக்கு நான்கு வேளை குழந்தையைப் பாயில் கிடத்தி, கையை நீட்டி, காலை மடக்கிப் பயிற்சி கொடுக்கிறாள். தாலுகா ஆபீஸ் வேலைக்கு நீண்ட லீவு போட்டுவிட்டாள். பத்திரிகையைப் பிரித்துப் பார்க்கக்கூட அவளுக்கு நேரம் கிடையாது. என் பத்தியை அவள் படித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சரி, நான் ஏன் அப்படி எழுதினேன்?

ஆதிரை முதல் முதலாகச் சிரித்ததை எழுதினேன் இல்லையா... அது உண்மை. கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். அந்த வாரம் வந்த கடிதங்களைப் போல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. அடுத்தடுத்து ஒரே விசாரிப்பு. ‘பாப்பா குப்புற விழுந்தாளா? வீட்டில் கொழுக்கட்டை பண்ணியாச்சா?’ என்று.

இல்லை என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். உண்மையாகவே. இரண்டு வரி எழுதியும் விட்டேன். படித்துப் பார்த்தேன். என்னாலேயே மூன்றாவது வரிக்குப் போக முடியவில்லை. கிழித்துவிட்டு, குப்புற விழுந்தாள் என்று எழுதினேன். சரசரவென்று வந்தது. ஒரு மணி நேரத்தில் பத்தி தயார்.

தடுப்பூசி அட்டையைப் பார்த்திருப்பீர்கள். எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்று படம் போட்டு அச்சடித்திருப்பார்கள். ரேவதி அந்தப் பக்கத்தைப் பார்க்காமலே மடித்து வைத்துவிடுவாள். நான் அதை எடுத்து மேஜை மேல் வைத்துக்கொண்டுதான் எழுதினேன். அட்டை தவழச் சொன்னால் என் மகள் தவழ்ந்தாள். அட்டை நிற்கச் சொன்னால் நின்றாள்.

அவள் நின்ற பிறகு எனக்கே பயம் வந்துவிட்டது. அடுத்தது நடக்க வேண்டுமே! அதனால்தான் சில மாதங்களாக மழை, மாம்பழம், மின்வெட்டு என்று எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு ஃபிசியோதெரபிஸ்டிடம் வாரம் ஒரு முறை ஆதிரையைக் காட்டுகிறோம். சின்ன வயதுப் பெண். போன சனிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவர்தான் சொன்னார்.

“சார், இவள வீட்டுக்குள்ளயே வெச்சிக்கினு இருக்காதீங்க. பார்க்குக்குக் கூட்டிக்கினு போங்க. மத்த பசங்க ஓடறத பாக்கட்டும். வெறுங்கால புல்லுல வெச்சிப் பாருங்க, கூசும். கூசறது நல்லது.”

நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மருத்துவமனை தவிர வேறு எங்கும் போனதில்லை. ரேவதி யோசித்தாள். பிறகு, “இன்னைக்கே போலாங்க. இல்லன்னா போவ மாட்டோம்” என்றாள்.

போனோம். ஓடாத நீரூற்று, வெடித்துப்போன சறுக்குமரம், வாசலில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்கிற வண்டி... சுமாரான பூங்காதான். ஆனால் சனிக்கிழமை என்பதால் குழந்தைகள் நிறைய. எல்லாக் குழந்தைகளும் ஓடிக்கொண்டிருந்தன. நான் அதைத்தான் பார்த்தேன். ஓடாத குழந்தை எதுவாவது இருக்கிறதா என்று என் கண் தேடியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் தேடியது.

ஒரு வேப்ப மரத்துக்குக் கீழே பெட்ஷீட்டை விரித்தோம். நான் ஆதிரையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பிடித்தேன். ரேவதி குனிந்து அவளுடைய இடது பாதத்தைப் பிடித்துப் புல்லில் வைத்தாள். ஆதிரை வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள். உதடு பிதுங்கியது. மறுபடி வைத்தாள். விரல்களைச் சுருக்கிக்கொண்டாள். மூன்றாவது முறை... காலை இழுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

“பாருங்க, பாருங்க! வெச்சிக்கினு இருக்கா!” என்று ரேவதி என் கையைத் தட்டினாள்.

இரண்டு பேரும் சிரித்தோம். எப்போது கடைசியாக ஒன்றாகச் சிரித்தோம் என்று எனக்கு நினைவில்லை.

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “பொண்ணா? எத்தினி மாசம் ஆவுது?” என்று கேட்டார்.

“ஒம்பது” என்றாள் ரேவதி.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குழந்தையின் காலில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் “ஒம்பதுக்கு நல்ல வளத்திதான்” என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு ஃபோனைப் பார்க்கப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ரேவதி டப்பாவைத் திறந்து கேப்பைக் கஞ்சி ஊட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு ஸ்பூனும் இறங்க நேரமாகும். அப்போதுதான் அந்த வாசகி வந்தார்.

இருபத்தைந்து வயதிருக்கும். சுடிதார், இடுப்பில் ஒரு பையன். தூரத்தில் நின்று என்னைப் பார்த்தார், தயங்கினார், பிறகு கிட்டே வந்துவிட்டார்.

“சார்... வாரா வாரம் எழுதறவருதான நீங்க? போட்டோல பாத்துக்கினே இருக்கேன்!”

இப்படி யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் எனக்குள் ஒரு பல்பு எரியும். அன்றும் எரிந்தது. ஒரு விநாடிதான்.

“நாங்க விக்கிரவாண்டி பக்கம் சார். இதுதான் ஆதிரை பாப்பாவா! எவ்ளோ நாளா பாக்கணும்னு இருந்தேன் தெரியுமா? இப்ப நடக்கறாளா சார்? செவுத்த புடிச்சிக்கினு நின்னான்னு எழுதினீங்க... அப்புறம் பாப்பாவ பத்தி எழுதவே இல்லியே?”

ரேவதியின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது.

“யாரு நின்னது?” என்று கேட்டாள்.

“உங்க பாப்பாதான்கா! பதினோரு மாசத்துல நின்னாளே. நீங்ககூட மாவு பெசஞ்ச கையோட சமையக்கட்டுலேர்ந்து ஓடி வந்தீங்கன்னு சார் எழுதியிருந்தாரே... நான் அத ரெண்டு வாட்டி படிச்சேன்.”

ரேவதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவள் பார்ப்பதைப் போல இருந்தது.

“அது வந்து...” என்றேன். பதினான்கு வருடமாக வாராவாரம் எழுதுகிறவன் நான்.

ரேவதிதான் பேசினாள்.

“இல்லம்மா. நிக்கல. தனியா உக்காரவே அவளுக்கு வராது. பதினஞ்சு மாசம் ஆவுது.”

பெஞ்சில் இருந்த அம்மாள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார். ரேவதி அதைக் கவனித்தாள். கவலைப்படவில்லை.

“அப்ப சார் எழுதினது?” என்றார் வாசகி.

“பொய்” என்றேன்.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பெட்ஷீட்டின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பையனை மடியில் வைத்துக்கொண்டார். கொழுகொழுவென்று இருந்தான். அவனுக்குப் பதின்மூன்று மாதம். உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து வீடு முழுக்கச் சுற்றுவானாம், ஆனால் இன்னும் எழுந்து நிற்கவில்லையாம். சில குழந்தைகள் லேட்டாகத்தான் நிற்கும், பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“டாக்டர் சொன்னா எங்க மாமியார் கேக்கணுமே சார்” என்றார். “நீங்க எழுதினத வெட்டி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டி வெச்சிருக்காங்க. இவன் எதுனா செய்யலன்னா அதத்தான் காட்டுவாங்க. ‘பாரு, எழுதறவரு பொண்ணு எந்த மாசத்துல தவழ்ந்துச்சி, இவன் எப்ப தவழ்வான்? உன் பால்ல சத்து இல்ல’ன்னு... பத்து மாசத்துல பால நிறுத்த சொல்லிட்டாங்க. பவுடர் பால் குடுக்கலாம்னு. நானும் ஒருவேள அப்படித்தானோன்னு நிறுத்திட்டேன்.”

“பால் கட்டிக்கினு ரெண்டு நாள் ஜுரம் சார் எனக்கு. படுத்துக்கினே உங்க பழைய பத்திங்களதான் படிச்சிக்கினு இருந்தேன். படிச்சா கொஞ்சம் சிரிப்பு வருமேன்னு.”

பையன் கையை நீட்டிக் கஞ்சி டப்பாவைத் தட்டினான். ரேவதி அவனுக்கும் ஒரு ஸ்பூன் கொடுத்தாள். ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அடுத்ததற்கு வாயைத் திறந்தான்.

“உங்க மாமியார்கிட்ட நானே வந்து சொல்றேம்மா, அது பொய்னு” என்றேன்.

“வேணாம் சார். நான் போய் ஆள் கூட்டிக்கினு வந்துட்டேன்னு நெனப்பாங்க. நான் சொன்னாலும் நம்ப மாட்டாங்க. புக்குலயே போட்டிருக்கான், அது எப்படி பொய்யாவும்னு கேப்பாங்க.”

எழுந்துகொண்டார். போவதற்கு முன் குனிந்து, ஆதிரையின் மூடியிருந்த வலது கையைத் தொட்டார்.

“இது ஏன்கா மூடிக்கினே இருக்கா?”

“தொறக்க வராதும்மா அவளுக்கு.”

அந்தச் சின்னக் கையைத் தன் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என் பக்கம் பார்க்காமல், “வர்றேன்கா” என்று ரேவதியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

திரும்பும்போது ரேவதி காரின் பின் சீட்டில் உட்கார்ந்தாள், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு. வழக்கமாக முன்னால் என் பக்கத்தில்தான் உட்காருவாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரி வரிசை நீளமாக நின்றது. நாங்களும் நின்றோம். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

“ரேவதி... எல்லாரும் கேட்டுக்கினே இருந்தாங்க. எனக்கு வேற வழி...”

“மாவு கையோட ஓடி வந்தேனா?”

“என்ன?”

“அதுல, நான் ஓடி வந்தேனாமே. சந்தோஷமா இருந்தேனா?”

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். காரைக் கொஞ்சம் நகர்த்தினேன்.

“இருந்தே” என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மனுஷன் எப்போது வாயை மூட வேண்டுமோ அப்போதுதானே திறப்பான்? “நீ மட்டும் என்னவாம்? அந்த அம்மாகிட்ட ஒம்பது மாசம்னு சொன்னியே” என்றேன்.

“ஆமா, சொன்னேன்” என்றாள். குரல் உயரவில்லை. “அந்தம்மா வாய மூடறதுக்கு சொன்னேன். இவள மடில வெச்சிக்கினு, இவளுக்காக சொன்னேன். நீ இவள வுட்டுட்டு, இல்லாத ஒரு பொண்ண வளத்துக்கினு இருந்திருக்க.”

கல்யாணமான நாளிலிருந்து ரேவதி என்னை ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்குத்தான் முதல் முறையாக ‘நீ’ வந்தது. அது எனக்கு வலிக்கவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் வலித்தது.

மறுநாள் மத்தியானம் குழந்தை தூங்கிய பிறகு, பழைய இதழ்களையெல்லாம் எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். நான் வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டிருந்தேன். எங்கேயாவது அழுவாள் என்று பயந்தேன். அழவில்லை. ஒரே ஒரு இடத்தில் லேசாகச் சிரித்தாள். எட்டிப் பார்த்தேன்... ஆதிரை என் செருப்பைக் கடித்த இடம்.

எல்லாவற்றையும் அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கீங்க” என்றாள்.

‘நீங்க’ திரும்பி வந்துவிட்டது. அதற்கு ‘நீ’-யே தேவலாம் என்று இருந்தது எனக்கு.

யோசித்துப் பார்க்கிறேன். குழந்தை என்ன பண்றா, நிக்கறாளா, நடக்கறாளா என்று நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் கேட்கிறோம். சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போல அது. நல்ல மனசோடுதான் கேட்கிறோம். ஆனால் ‘இல்லை’ என்று ஒருவர் சொல்லிவிட்டால், அடுத்து என்ன பேசுவது என்று கேட்டவருக்கும் தெரிவதில்லை. அந்தச் சங்கடத்துக்குப் பயந்தே எத்தனை வீடுகளில் குழந்தைகளின் வயதைக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்களோ... யாருக்குத் தெரியும்?

ஆனால் ரேவதி குறைத்துச் சொன்ன ஆறு மாதம் ஒரு பெஞ்சோடு போயிற்று. நான் கூட்டி எழுதியது எத்தனை வீட்டு ஃப்ரிட்ஜ்களில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை.

இதை எழுதப்போகிறேன் என்று பத்திரிகை ஆசிரியரிடம் சொன்னேன். “வாசகர்கள் மனசு ஒடஞ்சு போவாங்க சார். வேற எதுனா எழுதலாமே” என்றார். உடையட்டும் சார் என்றேன். போட மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அதற்கு நன்றி.

இந்த வாரத்திலிருந்து நான்கு வேளைப் பயிற்சியில் இரண்டை நான் செய்கிறேன். ரேவதி கேட்கவில்லை. நானாகப் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். அவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அதைத் தவிர வேறு பேச்சு இன்னும் எங்களுக்குள் அதிகம் இல்லை.

வலது கையை நீட்டும்போது ஆதிரை அழுகிறாள். வலிக்கிறது. முகமெல்லாம் சிவந்துவிடுகிறது. கண்ணீரோடு என்னையே பார்க்கிறாள், ஏன் இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்பதைப் போல. முதல் நாள் என்னால் பத்து எண்ணும்வரை பிடிக்க முடியவில்லை, விட்டுவிட்டேன். “முப்பது எண்ணணும்” என்றாள் ரேவதி. மறுபடி பிடித்தேன்.

இந்த அழுகை எனக்குப் புதிதில்லை. இத்தனை மாதமும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கதவைச் சாத்திவிட்டு, மேஜையில் உட்கார்ந்து, அவள் தவழ்வதை எழுதிக்கொண்டிருந்தேன்.

விரல்கள் இன்னும் திறக்கவில்லை. திறந்தால் சொல்கிறேன். திறக்காவிட்டாலும் சொல்கிறேன்.

கடைசியாக, விக்கிரவாண்டி பக்கம் இருக்கிற ஒரு மாமியாருக்கு மட்டும் ஒரு வார்த்தை. அச்சில் வந்தால்தான் நம்புவீர்கள் என்று கேள்விப்பட்டேன் அம்மா, அதனால் அச்சிலேயே சொல்கிறேன்... உங்கள் மருமகளின் பாலில் ஒரு குறையும் இருந்ததில்லை.